வளவைத் தோண்டாமல் பழைய காசு தேடுவது: கொழும்புக்காரருக்கு ஒரு தொடக்கப் பாடம்

டொரொன்டோவில் இருக்கும் மச்சான் போன கிழமை ஒரு படம் அனுப்பினான். ஒரு கையில் மெட்டல் டிடெக்டர், மறு கையில் மண் ஒட்டிய சின்ன வெள்ளிக் காசு. ஜோர்ஜ் மன்னர் தலை போட்ட கனடியப் பத்து சதம். அனுமதி எடுத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் தேடினானாம். "உங்கட பழைய வளவுகளில எவ்வளவு கிடக்கும்! ஒண்டு வாங்கி அனுப்பவோ?" என்று கேட்டான்.

"வேண்டாமடா மச்சான். அதை வச்சுக்கொண்டு முற்றத்தில நிண்டால் பக்கத்து வீட்டுக்காரரே பொலிசுக்குச் சொல்லிப்போடுவார்."

பிறகு யோசித்துப் பார்த்தேன். நானும் பன்னிரண்டு வருசமாகக் காசு தேடுகிறேன். சேர்ந்ததில் ஒன்றுகூட மண்ணிலிருந்து வந்ததல்ல. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதே வழியில் போக இந்தப் பாடம் உதவும்.

படி 1: மண்வெட்டியைக் கீழே வையுங்கள்

எங்கள் நாட்டில் தொல்பொருள் தேடி நிலத்தைத் தோண்டத் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. "என்ர சொந்தக் காணிதானே" என்ற கதை எடுபடாது, சொந்தக் காணிக்கும் இதே விதிதான். பள்ளிக்கூட மைதானத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. "புதையல் தோண்டியவர்கள் கருவியுடன் கைது" என்ற செய்தியைப் பத்திரிகையில் எத்தனை தரம் வாசித்திருப்பீர்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் வரவேண்டாம்.

இந்தச் சட்டத்தில் ஒரு தேதி இருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்தியது என்று நம்பத்தக்க எந்தப் பொருளும் தொல்பொருள். இந்தத் தேதியை மனதில் வைத்திருங்கள், கடைசியில் மறுபடி வரும்.

படி 2: டிடெக்டர்காரரின் மூளையை மட்டும் கடன் வாங்குங்கள்

கருவி வேலை செய்கிற விதம் லேசானது. கம்பிச் சுருளில் ஓடும் மாறும் மின்னோட்டம் காந்தப் புலத்தை உண்டாக்கும். அந்தப் புலத்துக்குள் உலோகம் அகப்பட்டால் அதற்குள்ளும் சிறு மின்னோட்டம் சுழலும். கருவி அதைப் பிடித்துச் சத்தமாக்கும். செம்பும் வெள்ளியும் மின்னை நன்றாகக் கடத்துவதால், பெரும்பாலான கருவிகளில் அவற்றுக்கு உயர்ந்த தொனி. ஆணிக்குத் தாழ்ந்த தொனி.

ஆனால் மச்சானுக்குக் காசு எடுத்துக் கொடுத்தது அந்தச் சத்தம் மட்டுமில்லை. மைதானத்தின் நடுவில் அவன் தேடவேயில்லை. பிள்ளைகள் குந்தியிருந்த மர நிழல், தலைகீழாய்த் தொங்கிய கம்பி, தின்பண்டம் விற்ற வாசல் என்று காசு கைநழுவும் இடங்களாகப் பார்த்துப் போனான். இந்தக் கணக்கை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். காசை எண்ணிய இடம், ஒளித்த இடம், தவறவிட்ட இடம் எது?

படி 3: தேடத் தொடங்குங்கள்

முதலில் தையல் மெசின். பழைய சிங்கர் மெசினின் சின்ன லாச்சிகளில் பொத்தான், ஊசி, பொபின் எல்லாவற்றோடும் காசு கிடக்கும். லாச்சியை முழுதாக வெளியே இழுத்தெடுத்து, அது இருந்த குழிக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். நிரம்பிய லாச்சியின் பின்பக்கமாக விழுந்த காசு அங்கேதான் நிற்கும். அலுமாரி லாச்சிக்கும் இதேதான்.

அடுத்தது பேணிகள். பிஸ்கட் பேணி, பால்மாப் பேணி, மூடி இறுகித் துருப்பிடித்த எந்தப் பேணியும். சாமி அறையில் நேர்த்திக்கு முடிந்து வைத்த மஞ்சள் துணிகளும் உண்டு. அதை மட்டும் வீட்டில் மூத்தவர்களைக் கேட்காமல் அவிழ்க்காதீர்கள். யாருடைய நேர்த்தியோ, நிறைவேறியதோ இல்லையோ.

கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய மாடிவீடுகளில் பலகைத் தளம் இருந்தால் பலகை இடுக்குகளைப் பாருங்கள். ரெக்சின் தைத்த பழைய கதிரைகளின் மடிப்பும் நல்ல இடம். பரம்பரையாகக் கடை வைத்திருந்த குடும்பம் என்றால் கல்லாப்பெட்டியைத் தேடிப் பிடியுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது வீட்டிலுள்ள மூத்த பெண்மணியிடம் கேட்பது. "பழைய காசு இருக்கோ?" என்று கேட்டால் "இல்லையடா" என்பார். "ஐஞ்சு சதம் சதுரமாய் இருந்ததாமே, அதுக்கு அப்ப என்ன வாங்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். கதை முடியுமுன் ஒரு பேணி மேசைக்கு வரும்.

படி 4: மேசையில் கொட்டிப் பிரியுங்கள்

தேவையானவை: குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம், டோர்ச், போன் கமரா, கிராமின் பத்தில் ஒன்றையாவது காட்டும் சிறு தராசு, காகித உறைகள், பென்சில்.

முதலில் காந்தம். ஒட்டினால் அநேகமாக அண்மைக் காலத்தில் வந்த, உருக்கின்மேல் முலாம் பூசிய காசு. விதிவிலக்கு ஒன்று நினைவில் இருக்கட்டும். 1947இன் புலி போட்ட இந்திய ஒரு ரூபாய் நிக்கல், அதுவும் காந்தத்தில் ஒட்டும். எங்கள் வீடுகளில் இந்தியக் காசு கலந்து கிடப்பது சாதாரணம். 1872இல் ரூபாய்-சதம் கணக்கு வருமுன்னரே இங்கே இந்திய ரூபாய் புழங்கியது.

பிறகு தலை. விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம், ஆறாம் ஜோர்ஜ், இரண்டாம் எலிசபெத். எலிசபெத்தின் தலை 1955, 1957 என்ற இரு ஆண்டுகளின் இரண்டு சதத்தில் மட்டும் வந்தது. 1963இலிருந்து தலை போய் இலச்சினை வந்தது, ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியமாயின. ஊதினால் பறக்கும்போல இருக்கும் அந்தக் காசுகள்தான் பேணியில் அதிகம் அகப்படும். அவற்றுக்கு விலை இல்லை. என்றாலும் எறியவேண்டாம்.

இனி, நீங்கள் உண்மையில் தேடும் பகுதி. 1870 என்று ஆண்டு பொறித்த செம்புக் காசுகள் கால், அரை, ஒன்று, ஐந்து சதங்களாக வந்தன. ஒரு பக்கம் விக்டோரியா, மறுபக்கம் தாளிப்பனை. மரத்தின் அருகே சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி. விக்டோரியாவின் தலைக்குப் பின்னால் தமிழ் எழுத்து நிற்பதை முதல் தரம் கண்டபோது நான் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஐந்து சதம் ஏறக்குறைய 18.9 கிராம். சட்டைப்பையில் நாலைப் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுபடும். 1909இல் அதற்குப் பதிலாக மூலை மழுங்கிய சதுர ஐந்து சதம் செப்பு-நிக்கலில் வந்தது.

10, 25, 50 சத வெள்ளிக் காசுகள் 1892இல் தொடங்கின. அப்போது ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி. 1919இலிருந்து 550 பங்கு. ஆகவே ஆண்டைப் பார்க்காமல் "வெள்ளி" என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். யுத்த காலத்தில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு. 1943இலிருந்து 25, 50 சதங்கள் மஞ்சள் நிற நிக்கல்-பித்தளையாகின. ஒரு சதம் அதற்கு ஒரு வருசம் முன்பே மெலிந்துவிட்டது. பழையது 4.72 கிராம், 1942–45 காலத்தது அதில் சரிபாதி. தராசு எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

எடை பார்க்கச் செட்டியார் தெருவில் தெரிந்த நகைக்கடைக்குப் போனாலும் சரி. ஆனால் உரைகல்லில் உரசவிடாதீர்கள். அவருக்கு அது வெள்ளித்துண்டு, பழக்கதோசத்தில் உரசிவிடுவார்.

படி 5: தேய்ந்த ஆண்டை வாசிப்பது

நேர் மேலிருந்து வெளிச்சம் அடித்தால் தேய்ந்த காசில் ஒன்றும் தெரியாது. அறையை இருட்டாக்கி, டோர்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து, வெளிச்சம் காசின்மேல் சாய்வாக விழும்படி செய்யுங்கள். காசை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் எண்களின் நிழல் எழும்பும். அப்போதே படம் எடுத்துவிடுங்கள், மறுபடி அந்தக் கோணம் பிடிக்க அரை மணித்தியாலம் போகும்.

படி 6: கழுவாதீர்கள்

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். எனக்குக் கிடைத்த முதல் 1870 ஐந்து சதம் கருஞ்சாக்லேட் நிறத்தில் ஒரே சீராக இருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு மினுக்கப் புளி கரைத்து வைத்திருந்தார்கள். அதிலேயே இதையும் ஊறப்போட்டு, சாம்பல் தொட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். காசு சேர்க்கும் ஒரு பெரியவரிடம் பெருமையோடு கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, நூற்றிநாற்பது வருசம் அது போட்டிருந்த தோலை உரிச்சுப்போட்டீர்" என்றார்.

செம்பின் மேல் காலப்போக்கில் படியும் அந்தக் கரும்படலம் காசுக்குக் கவசம். சேகரிப்பவர்கள் அந்த நிறத்தைத்தான் தேடுகிறார்கள். புளியின் அமிலம் படலத்தைக் கரைக்கும், சாம்பல் எழுத்தின் விளிம்பைக் கீறும். இரண்டையும் திருப்பி ஒட்ட வழியே இல்லை. தேசிக்காய், பற்பசை, உப்பு, சோடா எல்லாம் இதே கணக்கு.

அதிகபட்சம் செய்யக்கூடியது: காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, தேய்க்காமல், மென்துணியில் ஒற்றி எடுப்பது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் சுத்தமான அசிட்டோனில் ஒரு தரம் முக்கி எடுக்கலாம், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தூரமாக.

ஒன்றை மட்டும் பிரித்தறியப் பழகுங்கள். காசோடு இறுகிப் படிந்த கரும்பச்சைக் களிம்பு பெரும்பாலும் தொல்லை தராது. வெளிர்ப்பச்சையாக, தொட்டால் தூளாக உதிர்வது நோய். உப்பின் குளோரைட் உள்ளே போய்ச் செம்பை அரிக்கிறது. அப்படியானதைத் தனியாக, ஈரமில்லாமல் வையுங்கள்.

படி 7: கடற்காற்றிலிருந்து காப்பது

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று தெரியும். அதே காற்றுத்தான் காசையும் தின்கிறது. விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், விரல் வியர்வையும் உப்புத்தான். மென்மையான பீவீசி அல்பங்கள் வேண்டாம், அவை நாளடைவில் கசிந்து காசில் பச்சைப் பசையாகப் படியும். காகித உறை, இறுக்க மூடும் போத்தல், மருந்துப் போத்தலில் வரும் சிலிக்கா ஜெல் பை. இவ்வளவும் போதும்.

படி 8: கடைக்காரரிடமும் கைபேசியிலும் ஏமாறாமல் இருப்பது

ராமர், சீதை, அனுமன் படம் போட்டு, கிழக்கிந்தியக் கம்பனி என்றும் 1818 என்றும் எழுதிய காசு உங்களிடம் வரும். நிச்சயம் வரும். கம்பனி அப்படி ஒரு காசு அடிக்கவில்லை. அவை பிற்காலத்துக் கோயில் வில்லைகள். அது அரிசியை இழுக்கும், கோடிக்கு வாங்க வெளிநாட்டில் ஆள் இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே எழும்பி வந்துவிடுங்கள்.

உண்மையான காசைக் கண்ணால் பார்த்துப் பழக இரண்டு இடங்கள் உண்டு. கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை. கொழும்பு 7இல், 1877இல் திறந்த தேசிய நூதனசாலை. கடையில் வாங்குமுன் இங்கே ஒரு காலை நேரத்தைச் செலவழியுங்கள்.

படி 9: 1815க்கு முந்தியது அகப்பட்டால்

மூன்று எழுத்து ஒன்றோடொன்று பின்னிய முத்திரை கண்டால் அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் காசு, அநேகமாக டொயிட் என்ற சின்னச் செப்புக் காசு. நாங்கள் இன்றைக்கும் சொல்லும் "துட்டு" அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். (நீங்கள் தேடிய லாச்சியும் ஒல்லாந்தச் சொல்தான்.) யானை போட்ட பிரித்தானியக் காசுகள் அதற்கு அடுத்த காலம். அவற்றில் 1815 என்று பொறித்தவை சரியாகச் சட்டத்தின் கோட்டின்மேல் நிற்கின்றன. அவற்றையும் பழையதாகவே நடத்துங்கள்.

தென்னங்கன்று வைக்கும்போதோ கான் வெட்டும்போதோ இப்படி ஏதும் தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, பொலிசுக்கோ தொல்பொருளியல் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள். "இன்னும் கொஞ்சம் பாப்பம்" என்று வெட்டும் அடுத்த வெட்டில்தான் வழக்கு தொடங்கும். தொல்பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஊர் பார்க்க வரும் சொந்தங்களுக்கு இதை முதலே சொல்லி வையுங்கள்.

படி 10: உறையில் எழுதுவது

பென்சிலால் எழுதுங்கள், மை ஊறும். காசை உள்ளே போடுமுன்னரே எழுதுங்கள். பெறுமதி, ஆண்டு, எடை, எங்கிருந்தது, யாருடையது, அவர் சொன்ன கதை. கடைசி மூன்றும் எந்தப் பட்டியலிலும் கிடைக்காது. என் உறை ஒன்றில் இருப்பது இது:

"சதுர ஐந்து சதம், 1910. அம்மம்மாவின் மெசின், இடது லாச்சி, பொத்தான் பேணி. அவவின் தகப்பன் கையில் கொடுத்ததாம். அன்றைக்கே தோடம்பழ இனிப்பு வாங்கப் போய், கடை பூட்டியிருந்ததால் செலவாகவில்லை."

அதன் படத்தை மச்சானுக்கு அனுப்பினேன். டிடெக்டர் பேச்சு அதன்பிறகு வரவில்லை. இப்போது அவன் தன் மாமியாரின் தையல் மெசின் எங்கே என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான்.