சிஸ்டம்ஸ் மொழிக்குப் புதிய தொடரியலை முன்மொழிவது எப்படி

ரஸ்ட் போன்ற ஒரு சிஸ்டம்ஸ் நிரலாக்க மொழியில் தொடரியல் மாற்றத்தை முன்மொழிய விரும்புபவர், புதிய குறி எதுவென்று யோசிப்பதற்கு முன்பே, இன்றைய தொடரியலால் சிக்கலாகிப்போன உண்மையான நிரல்களைத் திரட்டிக்கொள்ள வேண்டும். ரஸ்டில் ஒரு செயற்கூறு தன்னை அழைத்த செயற்கூறுக்குப் பிழையைத் திருப்பி அனுப்ப முதலில் டிரை என்னும் மேக்ரோதான், அதாவது தொகுக்கும்போது முழு நிரல்வரிகளாக விரியும் சுருக்கம்தான், இருந்தது. அழைப்புகளைத் தொடராக எழுதும்போது அடைப்புக்குறிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்ததால், படிப்பவர் உள்ளிருந்து வெளியே படிக்க வேண்டியிருந்தது. 2016 நவம்பரில் வந்த 1.13 பதிப்பில் நிலைபெற்ற கேள்விக்குறிச் செயற்குறி இந்தச் சிரமத்தை நீக்கியது. ஆகவே, உங்கள் எண்ணத்தையும் முதலில் ஒரு மேக்ரோவாக எழுதிப் பாருங்கள். பலர் அதை விரும்பிப் பயன்படுத்தினால், அதைவிட வலுவான சான்று வேறில்லை.

அடுத்து, நிரலைப் படித்து அதன் அமைப்பைப் பிரித்தறியும் பார்சர் உங்கள் குறியை ஐயமின்றிப் புரிந்துகொள்ளுமா என்று சோதியுங்கள். பெரும்பாலான முன்மொழிவுகள் தடுமாறும் இடம் இதுதான் என்பது என் கருத்து. ரஸ்டில் பல தரவு வகைகளுக்கும் பொதுவாக எழுதப்பட்ட ஜெனரிக் செயற்கூறை, வகையைக் குறிப்பிட்டு அழைக்கையில் கோண அடைப்புக்குறிக்கு முன் இரண்டு முக்காற்புள்ளிகளை (::) இட வேண்டியிருப்பதைப் பலர் அழகின்மையாகக் கருதுகிறார்கள். ஆனால் அவற்றை நீக்கினால், கோணக்குறிகள் வகையைச் சுட்டுகின்றனவா, சிறிது பெரிது என இரண்டு ஒப்பீடுகளைச் செய்கின்றனவா என்பதை, மாறிகளின் பொருளை அறியாமல் பார்சரால் முடிவுசெய்ய முடியாத வரிகள் உருவாகும். நீக்கச் சொல்பவர் அத்தகைய வரிகளைத் தாமே எழுதிக் காட்டி, அவற்றுக்கு என்ன பொருள் கொள்வது என்றும் சொல்லியாக வேண்டும்.

மொழி தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் புதிய சிறப்புச்சொல்லைக் கேட்டால், அதே பெயரில் மாறி வைத்திருக்கும் பழைய நிரல்கள் உடையும். ரஸ்ட் இதற்காகவே, ஒவ்வொரு நிரலும் எந்த ஆண்டின் மொழிவிதிகளைப் பின்பற்றுகிறது என்று அறிவிக்கும் எடிஷன் முறையை வைத்திருக்கிறது: காத்திருந்து முடிக்க வேண்டிய வேலைகளை எழுத உதவும் அசிங்க், அவெயிட் ஆகியவை 2018 எடிஷனில் சிறப்புச்சொற்களாயின, 2015 எடிஷனில் எழுதிய நிரல்கள் மாற்றமின்றித் தொகுக்கப்படுவதோடு, புதியவற்றுடன் ஒரே செயலியில் இணையவும் செய்கின்றன.

பிறகு, மாற்றத்தை விளக்கிப் பிறரின் கருத்தைக் கோரும் ஆர்எஃப்சி ஆவணத்தை எழுதுங்கள். அதற்கான படிவத்தில் நோக்கம், பயில்வோருக்கான விளக்கம், துல்லியமான விவரணை, குறைகள், மாற்று வழிகள், பிற மொழிகளின் முன்னனுபவம் ஆகிய பகுதிகள் உண்டு. குறைகள் பகுதியில் உங்கள் எதிர்ப்பாளரே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அவருடைய வாதத்தை வலுவாக எழுதுங்கள். அவெயிட்டை வெளிப்பாட்டுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் புள்ளியிட்டு வைப்பதா என்ற நீண்ட விவாதத்தில், கேள்விக்குறியோடு சேரும்போது முன்வடிவத்துக்குக் கூடுதல் அடைப்புக்குறிகள் தேவைப்பட்டது பின்வடிவத்துக்குச் சாதகமான முக்கிய வாதமாக இருந்தது.

பொறுப்பான குழு முடிவை நோக்கி நகர்ந்ததும் இறுதிக் கருத்துக் காலமாகப் பத்து நாள் தரப்படும். ஏற்கப்பட்டாலும், அம்சம் நாள்தோறும் வெளியாகும் சோதனைப் பதிப்பான நைட்லி கம்பைலரில்தான் முதலில் சோதிக்கப்படும். ஒரு மதிப்பு குறிப்பிட்ட வடிவத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் இஃப் லெட் நிபந்தனைகளைச் சங்கிலியாக இணைக்கும் முன்மொழிவு 2018இல் ஏற்கப்பட்டது. அது 2024 எடிஷனுக்கு மட்டுமென 1.88 பதிப்பில் நிலைபெற்றபோது 2025 ஜூன் ஆகியிருந்தது.