ஒரே பெயரில் இரண்டு குறிப்புகள்: அறுந்த இணைப்புகளைச் சரிசெய்த விதம்

குறிப்புச் செயலிகளில் சில, இணைப்பை உள் அடையாள எண்ணைக் கொண்டு காக்கின்றன. வேறு சில, இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதும் தலைப்பையே கோப்பின் பெயரோடு ஒப்பிட்டு இணைக்கின்றன. முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு என் குறிப்புகளை மாற்றியபோது, ‘வரலாறு’, ‘தேர்தல்’ ஆகியவை ஒழுங்காக இணைந்தன. ‘தொழில்’, ‘நோய்’ ஆகியவற்றைச் சொடுக்கினாலோ அதே பெயரில் புதிய வெற்றுக் குறிப்பு ஒன்று திறந்தது.

செயலியின் குறிப்பு அட்டவணையை மறுபடி உருவாக்கியும், எழுத்துருவை மாற்றியும், ஏற்றுமதியை மீண்டும் செய்தும் பயன் இல்லை. அறுந்த தலைப்புகளை வரிசையாக எழுதிப் பார்த்த பிறகுதான், அவை எல்லாவற்றிலும் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் இருப்பது கண்ணில் பட்டது. எழுத்துகளைக் கணினியில் எண் குறியீடுகளாகப் பதியும் பொதுமுறையான யூனிகோடில் ‘ொ’ என்பதை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ‘தொழில்’ என்பது குறிப்பின் உள்ளே 6 குறியீடுகளாகவும், கோப்புப் பெயரில் 7 குறியீடுகளாகவும் இருந்ததால், செயலி அவற்றை வெவ்வேறு பெயர்களாகவே கருதியது. (மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம்.)

நகல் எடுத்து வைத்துவிட்டு, சொடுக்கியபோது முளைத்த வெற்றுக் குறிப்புகளை முதலில் நீக்கினேன். இல்லையெனில் பெயர் மாற்றும்போது ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டுவிடும். பிறகு, சிறிய பைத்தான் நிரல் ஒன்றால் கோப்புப் பெயர்கள், உள்ளடக்கம் இரண்டையும் என்எஃப்சி என்னும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றியதும், இணைப்புகள் அனைத்தும் உயிர்பெற்றன, பெரும் நிம்மதி.