சாமைச் சோறு முதல் கம்பங்கூழ் வரை: சிறுதானியம் சமைக்கப் புதிதாக வருபவர்களுக்கு

ஏழெட்டுத் தானியங்களை ஒன்றாகக் கலந்து ‘மல்டி மில்லட்’ என்று விற்கும் பாக்கெட்டை முதலில் வாங்காதீர்கள். குதிரைவாலி வெந்து குழைந்திருக்கும்போது அதே சட்டியில் கம்பு கல் மாதிரி கிடக்கும். சிறுதானியம் நமக்கு ஒத்துவரவில்லை என்று ஒதுக்கிவிட்ட பலரும் இப்படிப்பட்ட ஒரு கலவையில்தான் தொடங்கியிருப்பார்கள். ஒரே ஒரு தானியம், அரைக் கிலோ. என்னைக் கேட்டால் சாமை. நன்றாகக் கை பழகிய பிறகு வரகு. கம்பு கடைசியில்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. சாமை, வரகு, தினை, குதிரைவாலி, பனிவரகு ஆகியவற்றில் நெல்லைப் போல உமி இருக்கும். ஆலையில் உமியை நீக்கி ‘சாமை அரிசி’, ‘வரகு அரிசி’ என்று கொடுத்துவிடுகிறார்கள். நமக்கு வேக வைக்கிற வேலை மட்டும்தான். கம்பு, கேழ்வரகு, சோளம் ஆகியவை கதிரடிக்கும்போதே உமி நீங்கி முழு மணியாக வருபவை. மேல்தோல் மணியோடு ஒட்டியிருப்பதால் இடிக்க வேண்டும், இல்லையென்றால் மாவாக்க வேண்டும். அங்கே கைவேலை கூடுதல்.

வாங்கும்போது

பளீரென்று வெள்ளையாக இருக்கும் சாமையும் வரகும் தவிடு போகத் தீட்டப்பட்டவை. சீக்கிரம் வேகும், பார்வைக்கும் அழகு. ஆனால் நாம் தேடி வந்த நார்ச்சத்தில் பெரும்பங்கு அந்தத் தவிட்டோடு போய்விட்டது. கொஞ்சம் மங்கலாக, பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரரிடம் “தீட்டாதது இருக்கா?” என்று கேட்டால் போதும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இது அதிக நாள் தாங்காது, வண்டும் சீக்கிரம் வரும். ஒரு மாதத் தேவைக்கு மட்டும் வாங்கி, முடிந்தால் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

வரகுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அறுவடை நேரத்தில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வரகு நஞ்சாகும். தின்றால் தலைசுற்றலும் வாந்தியும் வரும். 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் பத்து யானைகள் இறந்தன. அவை மேய்ந்த வரகில் இருந்த பூஞ்சை நஞ்சுதான் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. நன்றாகக் காய்ந்து, சுத்தம் செய்யப்பட்ட வரகில் பயமில்லை. பூசணம் வாசம் அடித்தால் கழுவிச் சமைக்கலாமா என்று யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

சாமைச் சோறு: ஒரு டம்ளர், இரண்டு பேருக்கு

முதல் வேலை கல் அரிப்பது. சாமை பொடி மணி, அதில் கிடக்கும் கல்லும் அதே அளவு. கண்ணால் பொறுக்க முடியாது. அகலமான பாத்திரத்தில் சாமையைப் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கையால் ஒரு சுழற்று சுழற்றுங்கள். மணிகள் மிதந்து சுழலும்போதே பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரோடு இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கடைசி ஒரு கரண்டி அளவை மாற்றாமல் பாத்திரத்தை லேசாக ஆட்டினால் கல்லும் மண்ணும் அடியில் தெரியும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் போதும். கல் நீக்கியது என்று போட்டிருக்கும் பாக்கெட்டையும் ஒரு தடவையாவது அரித்துவிடுவது நல்லது. பல்லில் கல் கடிபட்டால் அந்த வீட்டில் அடுத்த வாரம் சாமை கிடையாது.

அடுத்து ஊறல். தீட்டிய சாமைக்கு அரை மணி நேரம், தீட்டாததற்கு இரண்டு மணி நேரம். காலையில் சமைப்பதாக இருந்தால் இரவே ஊறப்போட்டாலும் கெடுதல் இல்லை, தண்ணீரை மட்டும் கொஞ்சம் குறையுங்கள்.

அடி கனமான பாத்திரத்தில் இரண்டரை டம்ளர் தண்ணீர், தேவையான உப்பு, அரை ஸ்பூன் நல்லெண்ணெய். தளதளவென்று கொதித்ததும் ஊறிய சாமையை வடித்துப் போடுங்கள். ஒரே ஒரு கிளறல், அதோடு கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். மிதமான தீயில் தண்ணீர் சுண்டி மணியின் மட்டத்துக்கு வந்து, மேலே சின்னச் சின்னக் குழிகள் தெரிந்ததும் தீயைச் சிம்மில் வைத்து மூடுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் அணைத்து, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விடவும். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்க்கிறவர்களுக்குத்தான் சோறு மேலே காய்ந்தும் அடியில் கூழாகவும் வரும். பிறகு கரண்டிக் காம்பால் ஓரத்திலிருந்து கிளறி உதிர்த்துவிடுங்கள்.

குக்கரில் என்றால் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், மிதமான தீயில் இரண்டு விசில், பிரஷர் தானாக அடங்க வேண்டும். எனக்குப் பாத்திரத்தில் வைப்பதுதான் பிடிக்கும். முதல் சில தடவை உங்களுக்கும் அதுவே நல்லது. வேகிற விதம் கண்ணுக்குத் தெரிந்தால் கை கணக்குத் தானாக வரும்.

மற்றத் தானியங்களுக்குத் தண்ணீரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். குதிரைவாலிக்கு இரண்டு போதும், ஒரு நிமிடம் விட்டாலும் குழைந்துவிடும் என்பதால் பக்கத்திலேயே நில்லுங்கள். வரகுக்கு இரண்டரை முதல் மூன்று. தினை சோறாக வைத்தால் ஆறியதும் விறைத்து, தொண்டையில் நிற்கும். அதைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு டம்ளர் தினை, அரை டம்ளர் வறுத்த பாசிப்பருப்பு, ஐந்து டம்ளர் தண்ணீர், நான்கு விசில். மிளகு சீரகத் தாளிப்பில் நெய்யைக் கஞ்சத்தனம் பார்க்காமல் விடுங்கள்.

எதோடு, எவ்வளவு

சாமைச் சோறு குழம்பை நிறைய உறிஞ்சும். சாம்பார், புளிக்குழம்பு எதுவானாலும் வழக்கத்தைவிட நீர்க்க வையுங்கள். தயிர்சாதம் பிசையும்போது முக்கால் பங்கு பால், கால் பங்கு தயிர்; நேரம் ஆக ஆக இறுகும் என்பதால் கையில் ஒழுகும் பதத்தில் டப்பாவில் அடைத்தால் மதியத்துக்குச் சரியாக இருக்கும்.

சர்க்கரை உள்ளவர்கள் சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைப்பதைப் பார்க்கிறேன். 100 கிராம் சாமை அரிசியில் சுமார் 65 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. வெள்ளை அரிசியைவிடக் குறைவு, அவ்வளவுதான். தட்டில் காயும் பருப்பும் பாதி இடத்தைப் பிடிக்கட்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு நாளைக்கு ஒரு வேளை என்று வைத்துக்கொண்டு தண்ணீர் நிறையக் குடியுங்கள். திடீரென்று மூன்று வேளையும் மாறினால் வயிறு உப்பும்.

கேழ்வரகைப் பற்றி ஒரு வார்த்தை. 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம். நாம் உண்ணும் வேறெந்தத் தானியத்திலும் இவ்வளவு இல்லை. களி கிண்டுவது பழகிய கைக்கு வரும் வேலை, அதனால் முருங்கைக்கீரை அடையில் தொடங்குங்கள். மாவு, கீரை, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. வெந்நீர் தெளித்துப் பிசைந்து, வாழையிலையில் தட்டி, கல்லில் எண்ணெய் விட்டு இருபுறமும் வேகவிட்டால் அடை தயார்.

கம்பஞ்சோறும் கூழும்

கம்பு ஆப்பிரிக்காவின் சஹேல் பகுதியில் பயிரானது, கேழ்வரகும் கிழக்கு ஆப்பிரிக்கக் கொடைதான். அவை இங்கே வந்து சில ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டதால் யாரும் வெளியூர்க்காரர்களாக நினைப்பதில்லை. சாமையும் வரகும் இந்த நாட்டிலேயே பயிரானவை.

ஒரு டம்ளர் கம்பைக் கழுவி வடித்து, ஈரத்தோடு பத்து நிமிடம் வையுங்கள். உரல் உள்ளவர்கள் தண்ணீர் தெளித்து இடிக்கலாம். மிக்ஸியில் என்றால் விட்டு விட்டு, இரண்டிரண்டு நொடியாக ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் மாவாகிவிடும். மேல்தோல் கழன்று வந்ததும் தட்டில் பரப்பிச் சற்று உலரவிட்டு, முறத்தில் போட்டுப் புடைத்து, மறுபடியும் ரவையாக உடைத்துச் சலியுங்கள். நொய் தனி, மாவு தனி. மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து வைக்கவும்.

மூன்றரை டம்ளர் தண்ணீரை உப்போடு கொதிக்கவிட்டு நொய்யைப் போட்டு, சிறு தீயில் கால் மணி நேரம் அடிபிடிக்காமல் கிண்டுங்கள். நொய் வெந்ததும் கரைத்த மாவை ஊற்றி இன்னும் பத்து நிமிடம். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். மூடி வைத்துக் கொஞ்ச நேரம் புழுங்கவிடுங்கள். சூட்டோடு கீரைக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ ஊற்றிச் சாப்பிடலாம்.

கம்பு மாவைக் கடையில் வாங்குவதைத் தவிர்க்கவும். கம்பில் சுமார் 5 சதவீதம் கொழுப்பு இருப்பதால் அரைத்த சில நாட்களிலேயே மாவு கசக்கத் தொடங்கும். உரலில் அன்றன்றைக்கு இடித்த நம் பாட்டிமார்கள் வேலையில்லாமல் அப்படிச் செய்யவில்லை. தைராய்டு சிக்கல் உள்ளவர்கள் தினமும் கம்பு எடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், அதிலுள்ள சில பொருட்கள் அந்தச் சுரப்பியின் வேலையைத் தடுக்கக்கூடியவை.

மிச்சச் சோற்றை ஆறவிட்டு உருண்டை பிடித்து, மண்சட்டியில் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரோடே கரைத்து, மோரும் உப்பும் சேர்த்தால் கூழ். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய்க் கீற்று. மார்கழியில் ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும். சித்திரை வெயிலில் மறுநாள் மதியத்துக்குள் குடித்து முடித்துவிட வேண்டும்.