வன்முறைக்கு உள்ளான பெண்ணின் ஆபத்தை மதிப்பிடுவது எப்படி: புதிய பணியாளர்களுக்கான செய்முறை விளக்கம்

கணவராலோ துணைவராலோ வன்முறைக்கு உள்ளான ஒரு பெண் உதவி நாடி வரும்போது, அவருக்கு இனி என்ன நேரக்கூடும், எந்தச் சூழலில் நேரக்கூடும், அதைத் தடுக்க இன்றைக்கே செய்ய வேண்டியது என்ன என்பவற்றுக்கு விடை காணும் வேலையே ஆபத்து மதிப்பீடு. பல இடங்களில் இந்த வேலை, படிவத்தை நிரப்பி, மதிப்பெண்ணைக் கூட்டி, கோப்பில் சேர்ப்பதாகச் சுருங்கிவிட்டது. படிவங்களைக் குறை சொல்வதற்கில்லை. பெரும்பாலானவை நன்றாக ஆராய்ந்து உருவாக்கப்பட்டவையே. கேள்விகளைக் கேட்கும் விதத்திலும், பதில் கிடைத்த பிறகு செய்யும் வேலையிலும்தான் ஓட்டை விழுகிறது. ஆகவே இந்த விளக்கம் படிவத்தைவிட அந்த இரண்டு இடங்களிலேயே அதிக நேரம் நிற்கும். ஆலோசகராகவோ, களப்பணியாளராகவோ, மருத்துவமனைச் செவிலியராகவோ புதிதாகப் பொறுப்பேற்றவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: சூழலுக்கேற்ற கருவியைத் தேர்ந்தெடுங்கள்

சொந்தமாக ஒரு கேள்விப் பட்டியலை எழுத உட்காராதீர்கள். செவிலியரும் ஆய்வாளருமான ஜாக்குலின் கேம்ப்பெல் 1980களின் நடுவில் அமெரிக்காவில் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுக் கருவி, பின்னர் திருத்தப்பட்டு, இன்று 20 கேள்விகளோடும் ஒரு நாட்காட்டியோடும் புழக்கத்தில் உள்ளது. நிதானமாக உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும் ஆலோசனை மையங்களுக்கு இது பொருந்தும். சம்பவ இடத்தில் காவலர் கேட்பதற்கென்று 11 கேள்விகள் கொண்ட சுருக்கமான முறை அமெரிக்காவின் மேரிலாந்தில் உருவானது. மருத்துவமனை போன்ற அவசரமான இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு ஆறே கேள்விகளைப் பரிந்துரைக்கிறது: கடந்த ஆறு மாதங்களில் அடி உதை அதிகரித்திருக்கிறதா, ஆயுதத்தைப் பயன்படுத்தியதோ காட்டி மிரட்டியதோ உண்டா, கழுத்தை நெரிக்க முயன்றது உண்டா, அவர் உங்களைக் கொன்றுவிடக்கூடும் என்று நம்புகிறீர்களா, கர்ப்பமாக இருந்தபோது அடித்தது உண்டா, ஓயாத வன்மையான சந்தேகமும் பொறாமையும் உண்டா. மூன்று கேள்விகளுக்காவது 'ஆம்' என்ற பதில் வந்தால், அந்தப் பெண் உடனடியான பேராபத்தில் இருக்கக்கூடும் என்று கொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இக்கருவிகளில் பெரும்பாலானவை கணவர், துணைவர், முன்னாள் துணைவர் ஆகியோரின் வன்முறையை வைத்துச் சோதிக்கப்பட்டவை. பெற்றோரோ, உடன்பிறந்தவரோ, கணவரின் குடும்பத்தாரோ தாக்குபவராக இருக்கும்போது கேள்விகள் உங்கள் உரையாடலுக்கு உதவலாம்; மதிப்பெண்ணை நம்ப முடியாது. தாக்குபவர் பலராக இருந்தால் ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியே கேட்க வேண்டும்.

இரண்டாம் படி: பேசுவதற்குப் பாதுகாப்பான சூழலை அமையுங்கள்

உடன் வந்தவர் எவ்வளவு அன்பானவராகத் தோன்றினாலும் அவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள். மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டால் உறவினரையோ குழந்தையையோ பயன்படுத்தாதீர்கள். அந்தப் பெண்ணின் கைபேசியின் கடவுச்சொல் வேறு யாருக்குத் தெரியும், இருப்பிடத்தை யாராவது பார்க்க முடியுமா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். அவர் இங்கே வந்திருக்கும் செய்தியே ஆபத்தாகிவிடக்கூடும்.

அவர் சொல்வதை எந்த அளவுக்கு இரகசியமாக வைக்க முடியும், எந்தச் சூழலில் பிறரிடம் சொல்லியாக வேண்டும் என்பதை முதல் கேள்விக்கு முன்பே தெளிவாகச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு இதைச் சொல்வது நேர்மையாகாது. எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைத்தால் பாதுகாப்பு, வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: நாட்காட்டியை விரித்து வையுங்கள்

அவசரத்தில் பலர் தவிர்த்துவிடும் படி இது. என் கருத்தில் மொத்த மதிப்பீட்டிலும் அதிகப் பயன் தருவது இதுவே. கடந்த 12 மாதங்களின் நாட்காட்டியை எடுத்துக்கொண்டு, தாக்குதல் நடந்த நாட்களை அந்தப் பெண்ணையே குறிக்கச் சொல்லுங்கள். தேதி நினைவில்லாவிட்டால் பிள்ளைகளின் தேர்வு, பண்டிகை, பிறந்தநாள், சம்பள நாள் ஆகியவற்றை அடையாளமாகக் கொள்ளலாம். கேம்ப்பெல் முறையில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே 1 முதல் 5 வரை ஓர் எண்ணை எழுத வேண்டும். அறைதலும் தள்ளுதலும் கீழ்ப்படியில் வரும்; ஆயுதத்தைப் பயன்படுத்தியதும் அதனால் உண்டான காயமும் மேல்படியில் வரும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. "எப்போதாவதுதான் அடிப்பார்" என்று பேச்சைத் தொடங்கும் ஒரு பெண் நாட்காட்டியில் குறிக்கத் தொடங்குகிறார். முதல் நான்கு மாதங்களில் இரண்டு குறிகள், இரண்டுக்கும் எதிரே 1. அடுத்த நான்கு மாதங்களில் ஐந்து குறிகள், அவற்றில் இரண்டுக்கு 3. கடைசி நான்கு மாதங்களில் ஒன்பது குறிகள், ஒன்றுக்கு எதிரே 4. பேனாவைக் கீழே வைக்கும்போது அவர் முன்பு சொன்ன 'எப்போதாவது' என்ற சொல்லுக்கு அந்தத் தாளில் இடமில்லை. வன்முறை அடிக்கடி நிகழத் தொடங்கியிருப்பதும் கடுமையாகி வருவதும் உங்களுக்குத் தெரியும் அதே கணத்தில் அவருக்கும் தெரிகிறது. நீங்கள் எதையும் வாதாடி நிறுவ வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாளை அவரிடம் கொடுத்து அனுப்பாதீர்கள்; அது வன்முறையாளரின் கண்ணில் பட்டால் ஆபத்தாகிவிடக்கூடும்.

நான்காம் படி: உயிராபத்தைக் காட்டும் குறிகளை நேரடியாகக் கேளுங்கள்

எல்லாக் கேள்விகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. புதிய பணியாளர்களின் கண் இயல்பாகவே கண்ணுக்குத் தெரியும் காயத்தின் மீது நிற்கும். ஆனால் அடி குறைவாகவும் கட்டுப்பாடு முழுமையாகவும் இருக்கும் உறவு, அதாவது யாரிடம் பேசலாம், எங்கே போகலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்பதையெல்லாம் ஒருவரே தீர்மானிக்கும் உறவு, அந்தப் பெண் விலகத் தீர்மானிக்கும் நாளில் கொலையில் முடியக்கூடும். அமெரிக்காவின் 11 நகரங்களில் கேம்ப்பெல் குழுவினர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், மிகுந்த கட்டுப்பாடு செலுத்தும் துணைவரிடமிருந்து சேர்ந்து வாழ்ந்த பிறகு பிரிந்த பெண்கள் கொலையாகும் வாய்ப்பு ஏறத்தாழ 9 மடங்காக இருந்தது. தாக்குபவருக்குத் துப்பாக்கி கிடைக்கும் நிலை இருந்தால் பெண் கொலையாகும் வாய்ப்பு 5 மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

கழுத்தை நெரித்தலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் அதே துணைவரால் கொல்லப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. இருந்தும் இதுவே பதிவிலிருந்து அதிகம் நழுவுகிறது. ஏனெனில் பல நேரங்களில் கழுத்தில் தடயமே இராது. "கழுத்தை நெரித்தாரா?" என்று கேட்டால் "இல்லை, சும்மா பிடித்தார்" என்ற பதில் வரலாம். ஆகவே செயலைப் பிரித்துக் கேளுங்கள். கழுத்தில் கை, முழங்கை, துணி, கயிறு ஏதாவது பட்டதா? அப்போது பேச முடிந்ததா, மூச்சு விட முடிந்ததா? கண் இருட்டியதா, இடையில் நடந்தது நினைவில்லாமல் போனதா? தன்னையறியாமல் சிறுநீர் கழிந்ததா? அதற்குப் பிறகு குரல் கம்மியதா, விழுங்கும்போது வலித்ததா, கண்ணில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தனவா? கழுத்தின் இரத்தக்குழாய் உட்புறம் கிழிந்து, சில நாட்கள் கழித்துப் பக்கவாதம் வருவதும் உண்டு. எனவே அண்மையில் இது நடந்திருந்தால், வெளியே காயம் இல்லை என்றாலும் மருத்துவப் பரிசோதனைக்கு அன்றே ஏற்பாடு செய்யுங்கள்.

இவற்றோடு கொலை மிரட்டல், பின்தொடர்தல், கட்டாயப் பாலுறவு, தாக்குபவரின் வேலையிழப்பு, குழந்தைகளைக் காட்டி மிரட்டுதல், வேறொருவருக்குப் பிறந்த குழந்தை வீட்டில் இருத்தல் ஆகியவற்றையும் கேளுங்கள். "நீ போனால் நான் செத்துவிடுவேன்" என்று தாக்குபவர் சொல்வதை இரக்கத்துக்குரிய புலம்பலாக மட்டும் எழுதிவிடாதீர்கள். தற்கொலை மிரட்டல், கொலையும் தற்கொலையும் சேர்ந்து நிகழ்வதற்கான அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

ஐந்தாம் படி: அந்தப் பெண்ணின் அச்சத்துக்கு உரிய எடையைக் கொடுங்கள்

"அவர் என்னைக் கொன்றுவிடுவார்" என்று ஒரு பெண் சொன்னால், உங்கள் படிவத்தின் கூட்டுத்தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்தச் சொல்லை நம்பி நடவடிக்கை எடுங்கள். அந்த மனிதரோடு வாழ்ந்தவர் அவர். நீங்கள் ஒரு மணி நேரம் கேட்டவர். ஆனால் "அப்படியெல்லாம் செய்ய மாட்டார்" என்று அவர் சொல்வதை வைத்து ஆபத்தைக் குறைத்து எழுதக் கூடாது. மேற்சொன்ன 2003 ஆய்வில், கொலையானவர்களிலும் கொலை முயற்சியில் தப்பியவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேரே தங்கள் உயிருக்கு வந்திருந்த ஆபத்தைச் சரியாக உணர்ந்திருந்தனர். அச்சம் மதிப்பீட்டை உயர்த்தலாம். அச்சமின்மை அதைத் தாழ்த்தக் கூடாது. ஸ்பெயினில் 2007இல் தொடங்கிய வியோஜென் என்ற காவல்துறைக் கணினி முறையிலும் இதையொத்த விதி ஒன்று வகுக்கப்பட்டது: கணினி தந்த ஆபத்து நிலையை அதிகாரி உயர்த்தலாம், குறைக்க முடியாது.

ஆறாம் படி: மதிப்பெண்ணை வாக்கியங்களாக மாற்றி எழுதுங்கள்

"மதிப்பெண் 15. உயர் ஆபத்து. கவனம் தேவை." இப்படி எழுதிய குறிப்பைப் படிக்கும் அடுத்த பணியாளருக்கு என்ன செய்வதென்று தெரியாது. அதே பெண்ணைப் பற்றிக் கீழ்க்காணுமாறு எழுதிப் பாருங்கள்.

"பிரிந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. குழந்தையை ஒப்படைக்கும் வெள்ளிக்கிழமை மாலைகளில், இருவரும் தனியாகச் சந்திக்கும் வேளையில், கணவர் உயிருக்கு ஆபத்தான முறையில் தாக்கக்கூடும். முன்பு இருமுறை கழுத்தை நெரித்திருக்கிறார். இரண்டாம் முறை மனைவி நினைவிழந்தார். விவாகரத்து மனு கணவரின் கையில் சேரும் நாளில் ஆபத்து கூடும். மனைவி இப்போது தங்கியிருக்கும் வீடு கணவருக்குத் தெரியாது. குழந்தையின் பள்ளி தெரியும்."

யார், என்ன, எப்போது, எங்கே, எது தூண்டும், எது காக்கும் என்பவை எல்லாம் இதில் உள்ளன. செய்ய வேண்டியவையும் இதிலிருந்தே பிறக்கின்றன: குழந்தையை ஒப்படைக்க மூன்றாமவர் ஒருவர், பள்ளியோடு ஒரு பேச்சு, மனு சேரும் தேதியை வழக்கறிஞரிடமிருந்து முன்கூட்டியே அறிதல்.

ஏழாம் படி: திட்டத்தை அவரோடு சேர்ந்து வகுத்து, பிற துறைகளை இணையுங்கள்

பாதுகாப்புத் திட்டம் அந்தப் பெண்ணால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். "உடனே வெளியேறுங்கள்" என்பது பல நேரங்களில் கேட்கும் அறிவுரைகளிலேயே ஆபத்தானது. பிரியும் வேளையும் அதையொட்டிய வாரங்களும்தான் ஆபத்து உச்சம் தொடும் காலம். வெளியேறுவதாக இருந்தால், எந்த நாள், எந்த வழி, யாருடைய வாகனம், எந்தெந்த ஆவணங்கள் என்பதை முடிவு செய்த பிறகே அவர் கிளம்பட்டும்.

காவல்துறை, மருத்துவமனை, காப்பகம், குழந்தைகள் நலத்துறை ஆகிய ஒவ்வொன்றின் கையிலும் ஒரு துண்டுச் செய்தி மட்டும் இருக்கும். இத்துறைகளை ஒரே மேசையில் உட்கார வைக்கும் கூட்டுமுறை 2003இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. அங்கே பயன்படுத்தப்படும் கேள்விப் பட்டியலில் 14 'ஆம்' வந்தால் வழக்கு அந்தக் கூட்டத்துக்குப் போவது வழக்கம். ஆனால் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், பணியாளருடைய தொழில்முறைத் தீர்ப்பின் பேரிலோ, வன்முறை அதிகரித்து வருவதன் பேரிலோ அனுப்பலாம். உங்கள் அலுவலகம் எந்த வரம்பை வைத்திருந்தாலும் இந்த இரண்டு வாசல்களையும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். எதைப் பகிர்கிறோம், யாரிடம் பகிர்கிறோம் என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் பகிருங்கள்.

எட்டாம் படி: மறுமதிப்பீட்டுக்குத் தேதி குறியுங்கள்

இன்றைய மதிப்பீடு இன்றைய நிலைமையை மட்டுமே சொல்லும். அந்தப் பெண் வீட்டை விட்டு வெளியேறினாலோ, கர்ப்பமானாலோ, புதிய உறவைத் தொடங்கினாலோ, நீதிமன்ற உத்தரவு வன்முறையாளரிடம் சேர்க்கப்பட்டாலோ, அவர் காவலிலிருந்து விடுதலையானாலோ, வேலையை இழந்தாலோ, அந்தப் பெண்ணின் புதிய முகவரியைக் கண்டுபிடித்தாலோ மதிப்பீட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும். அடுத்த மதிப்பீட்டின் தேதியைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அந்தத் தேதியில் அவர் வரவில்லை என்றால், நிலைமை சீராகிவிட்டது என்று எழுதிக் கோப்பை மூடாதீர்கள். முன்பே பேசி வைத்த எண்ணில், பேசி வைத்த நேரத்தில் மட்டும் அழையுங்கள். வேறு குரல் கேட்டால், பேசி வைத்த காரணத்தைச் சொல்லி அழைப்பை முடித்து, அன்றே உங்கள் மேற்பார்வையாளரிடம் தெரிவியுங்கள்.