பழைய பாண்டியாக் வாங்கணுமா? காசு குடுக்குறதுக்கு முன்னாடி காரைப் படிக்கிறது எப்படி

அமெரிக்காவுல பழைய மசில் கார், அதாவது பெரிய எஞ்சின் வச்ச வேகமான கார் ஒண்ணு வாங்கணும்னு ஆசைப்படுறவங்க நெறைய பேரு சுத்திச் சுத்திக் கடைசியில வந்து நிக்கிறது பாண்டியாக் பக்கம்தான், ஒண்ணு ஜிடிஓ, இல்லன்னா டிரான்ஸ் ஆம். ரெண்டுமே மனசுக்குப் பிடிச்சு வாங்க வேண்டிய கார்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டுலயும் டூப்ளிகேட் ரொம்ப சுலபம். ஜிடிஓவுக்கு அடிப்படையா இருந்த சாதாரண லெமான்ஸை வாங்கி பேட்ஜ் ஒட்டி ஜிடிஓன்னு விக்கலாம், சாதாரண ஜிடிஓவுக்கு ஸ்டிக்கர் ஒட்டி அதோட ஸ்பெஷல் வகையான ஜட்ஜ்னு விக்கலாம், விலை அப்படியே எகிறிடும். இது ஏன் இவ்ளோ சுலபமா நடக்குதுன்னு புரியணும்னா அந்த கம்பெனி எப்படி மேல வந்துச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும், ஏன்னா அவங்க ஏறின வழிதான் இன்னிக்கு நாம செக் பண்ண வேண்டிய இடங்களைக் காட்டுது.

1926-ல ஓக்லண்டுங்கிற பிராண்டுக்குத் துணையா ஜெனரல் மோட்டார்ஸ் ஆரம்பிச்சதுதான் பாண்டியாக். 1931-ல ஓக்லண்டையே மூடிட்டாங்க, துணைக்கு வந்த பாண்டியாக் நிலைச்சுடுச்சு. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் அது பெரியவங்க ஓட்டுற அடக்கமான கார். 1956-ல பங்கி நட்சன் தலைமைக்கு வந்தாரு, வயசு 43, பானெட் மேல ஓடிக்கிட்டிருந்த குரோம் பட்டைகளை முதல்ல எடுக்கச் சொன்னாரு, பீட் எஸ்டெஸ், ஜான் டிலோரியன்னு ரெண்டு நல்ல எஞ்சினியர்களைக் கூட்டிட்டு வந்தாரு. 1959-ல சக்கரங்களை வெளிப்பக்கம் தள்ளி வச்சு வைடு டிராக்னு வித்தாங்க, ரேஸ்ல ஜெயிச்சாங்க, கார் வித்துச்சு. 1963 ஜனவரியில ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் இனிமே எந்த டிவிஷனும் ரேஸ் பக்கம் போகக்கூடாதுன்னு சொல்லிடுச்சு.

ரேஸ் இல்லன்னா வேகத்தை ரோட்டுலயே வித்துடுவோம்னு டிலோரியன் டீம் முடிவு பண்ணுச்சு. அங்கயும் ஒரு தடை இருந்துச்சு, நடுத்தர சைஸ் கார்ல 330 கியூபிக் இன்ச்சுக்கு மேல எஞ்சின் வைக்கக்கூடாதுன்னு கம்பெனி ரூல். புது மாடல்னா மேலிடம் பாக்கும், ஆப்ஷன்னா அந்த அளவுக்குப் பாக்காது. அதனால 1964-ல டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு சுமார் 295 டாலர் ஆப்ஷன்னு சொல்லி பெரிய கார்ல இருந்த 389 எஞ்சினை அதுக்குள்ள வச்சாங்க, அதுதான் ஜிடிஓ. 5,000 வித்தா போதும்னு நெனச்சாங்க, முதல் வருஷமே 32,450 போச்சு. 1966-ல தனி மாடல் ஆக்குனாங்க, அந்த வருஷம் 96,946. அதுதான் உச்சம்.

இந்த 'ஆப்ஷன்' விஷயத்தை நல்லா மனசுல வச்சுக்கோங்க. 1964, 65 ரெண்டு வருஷமும் ஜிடிஓ தனி மாடல் கிடையாது, அதனால வின் நம்பர் (VIN, ஒவ்வொரு காருக்கும் ஃபேக்டரி குடுக்குற தனி அடையாள எண்) அது லெமான்ஸ்னு மட்டும்தான் சொல்லும், ஜிடிஓவா இல்லையான்னு சொல்லாது. விக்கிறவர் வின் நம்பர் கிளியரா இருக்குன்னு எவ்ளோ உறுதியா சொன்னாலும் இந்த ரெண்டு வருஷத்துக்கு அது ஆதாரம் ஆகாது. 1966-ல இருந்து 71 வரைக்கும் வாங்குறவங்களுக்குக் கவலை கம்மி, நம்பர் 242-ல ஆரம்பிக்கணும். 2 பாண்டியாக், 42 ஜிடிஓ. அடுத்த ரெண்டு இலக்கம் பாடி, 1968-ல இருந்து 37-ன்னா ஹார்ட்டாப், 67-ன்னா கன்வர்ட்டிபிள். ஆறாவது இலக்கம் வருஷம், அதுக்குப் பக்கத்துல இருக்கிற எழுத்து ஃபேக்டரி. 237-ல ஆரம்பிச்சா அது லெமான்ஸ், எத்தனை ஜிடிஓ பேட்ஜ் இருந்தாலும் சரி. நம்பர் பிளேட் 1967 வரைக்கும் டிரைவர் கதவைத் திறந்தா கீல் பக்கத்துத் தூண்ல இருக்கும், 1968-ல இருந்து டேஷ்போர்டு மேல, முன் கண்ணாடி வழியா வெளியில இருந்தே படிக்கலாம். கார் யாருக்குச் சொந்தம்னு காட்டுற டைட்டில் பேப்பர்ல இருக்கிற நம்பரும் இதுவும் ஒரு எழுத்து மாறினாலும் அந்த காரை விட்டுடுங்க. 1972-ல ஜிடிஓ திரும்பவும் லெமான்ஸுக்கு ஆப்ஷன் ஆயிடுச்சு, அதனால அந்தப் பழைய சிக்கல் திரும்ப வந்துடும், ஆனா அந்த வருஷத்துல இருந்து வின்ல அஞ்சாவது எழுத்து எஞ்சினைச் சொல்லும்ங்கிறது ஒரு உதவி.

1969 ஜட்ஜ் பத்தி தனியா சொல்லணும். ஆரஞ்சு கலர்ல, பின்னாடி ஸ்பாய்லர் வச்சு, பக்கத்துல பட்டை போட்டு வந்த கார், ஆப்ஷன் விலை 332 டாலர், அந்த வருஷம் செஞ்சது சுமார் 6,800. வின்ல 242 இருக்கும், ஆனா ஜட்ஜான்னு அது சொல்லவே சொல்லாது. ஸ்பாய்லரும் ஸ்டிக்கரும் இன்னிக்கும் புதுசாவே கடையில கிடைக்குது.

அப்போ எதை நம்புறது? பி.எச்.எஸ் பேப்பரை. பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்னு முழுப்பேரு, 1961-ல இருந்து வந்த பாண்டியாக் கார்களோட ஃபேக்டரி பில்லிங் ரெக்கார்டு அவங்ககிட்ட இருக்கு, வின் நம்பரை அனுப்பிப் பணம் கட்டினா அந்த கார் எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எந்தெந்த ஆப்ஷனோட ஃபேக்டரியை விட்டு வந்துச்சுன்னு காப்பி அனுப்புவாங்க. விக்கிறவர் தன்கிட்ட இருக்கிற பேப்பரைக் காட்டினாலும் நீங்க உங்க பேருல தனியா ஒண்ணு வாங்குங்க. அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி, அப்புறம் இல்ல. பாண்டியாக் வாங்குறவங்களுக்கு இருக்கிற பெரிய வசதி இது, அதே காலத்து செவ்ரலே ஆளுங்களுக்கு இந்த அளவுக்கு ரெக்கார்டு கிடைக்கிறதில்ல.

பேப்பர் சரின்னா பானெட்டைத் திறங்க. இங்கதான் பாண்டியாக்குக்கே உள்ள ஒரு விசேஷம், 326, 350, 389, 400, 455 எல்லாமே வெளியில இருந்து பாத்தா ஒரே எஞ்சின் மாதிரிதான் இருக்கும், அளவுகூட ஒண்ணுதான். 350-ஐ வச்சுக்கிட்டு 400-ன்னு சொன்னா கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால எஞ்சினோட முன்பக்கம், பயணி உக்கார்ற பக்கம், ஹெட்டுக்குக் கீழ டைமிங் கவரை ஒட்டி ஒரு சின்ன இடம் இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால மெதுவா துடைச்சுட்டு டார்ச் அடிங்க. ரெண்டு எழுத்து குத்தியிருப்பாங்க. 1969 ஜட்ஜ்ல ராம் ஏர் 3 (ராம் ஏர்ங்கிறது 400 எஞ்சினோட பவர் கூட்டின வகை), மேனுவல் கியர்னா 'டபிள்யூ எஸ்', ஆட்டோமேட்டிக்னா 'ஒய் இசட்', ராம் ஏர் 4 மேனுவல்னா 'டபிள்யூ டபிள்யூ'. பி.எச்.எஸ் பேப்பர்ல இருக்கிறதும் இதுவும் ஒத்துப்போகணும். 1968-ல இருந்து காரோட வின் சீரியலும் பிளாக்லயே குத்தியிருக்கும், அதையும் பாருங்க. அந்த இடத்துல மட்டும் கிரைண்டர் ஓட்டின தடமோ, எழுத்துங்க ஆழம் மாறி மாறி இருக்கிறதோ தெரிஞ்சா யாரோ புதுசா குத்தியிருக்காங்கன்னு அர்த்தம்.

இன்னொரு சோதனை இருக்கு, நெறைய பேரு இதைச் செய்யறதில்ல, அதனாலயே போலி பண்றவங்களும் பல நேரம் இதை விட்டுடுவாங்க. பின்பக்கம் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்துல பிளாக்கை வார்த்த தேதி இருக்கும், ஒரு எழுத்து மாசம், நடுவுல நாள், கடைசில வருஷம். 'சி 11 9'-ன்னா 1969 மார்ச் 11. அப்படியே ஃபயர்வால்ல, அதாவது எஞ்சினுக்கும் உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தடுப்புல இருக்கிற தகட்டைப் பாருங்க, '04ஏ'-ன்னு இருந்தா பாடி செஞ்சது ஏப்ரல் முதல் வாரம். மார்ச்ல வார்த்த எஞ்சின் ஏப்ரல் காருக்குள்ள போறது நியாயம். பிளாக்ல ஜூன்னு இருந்து தகட்டுல ஏப்ரல்னு இருந்தா அந்த எஞ்சின் அந்த காரோட பிறக்கல. எஞ்சின் மாத்தின கார் வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லல, ஓட்டுறதுக்கு அது நல்லாவே இருக்கும், ஆனா ஒரிஜினல் விலை குடுக்கக்கூடாது.

துருவுக்கு வருவோம். பின் கண்ணாடியோட அடிப்பக்கம் தண்ணி தேங்கி அங்கிருந்து டிக்கிக்குள்ள இறங்கும், மேல வினைல் ரூஃப் இருந்தா இன்னும் மோசம், அதனால டிக்கி மேட்டைத் தூக்கி தரையைக் கையால தட்டிப் பாருங்க. பின் சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கிற கீழ்ப் பகுதியில ஒரு சின்ன காந்தத்தைத் துணியில சுத்தி வச்சுப் பாருங்க, ஒட்டலன்னா உள்ள பட்டி வச்சு பூசியிருக்காங்க. முன்னாடி 1968-ல வந்த எண்டுரா பம்பர்ல மட்டும் காந்தம் ஒட்டாது, பயப்படாதீங்க, அது மேல ரப்பர் மாதிரி ஒரு பொருள், அதுல சாதாரண பெயிண்ட் அடிச்சிருந்தா வெடிப்பு வெடிப்பா தெரியும்.

இனிமே டிரான்ஸ் ஆம், அதாவது பாண்டியாக் ஃபயர்பேர்ட் காரோட டாப் வகை. இறக்கம் ஆரம்பிச்ச காலத்துல பொறந்த கார் இது, இருந்தாலும் விற்பனையில உச்சத்துக்குப் போச்சு. 1969-ல செஞ்சது 697 மட்டும்தான், 1979-ல 1,17,108. நடுவுல இன்ஷூரன்ஸ் ஏறுச்சு, புகைக் கட்டுப்பாடு வந்துச்சு, 1971-ல கம்ப்ரெஷனைக் குறைச்சாங்க, 1974-ல ஜிடிஓ கடைசியா வென்ச்சுராங்கிற சின்ன கார் மேல 350 எஞ்சினோட வந்துட்டு நின்னுடுச்சு. அந்தக் காலத்துலயும் 1973, 74-ல சூப்பர் டியூட்டி 455-ன்னு ஒரு எஞ்சினை அந்த எஞ்சினியர்ங்க விடாம கொண்டுவந்தாங்க பாருங்க, அதை நெனச்சா இன்னிக்கும் மரியாதை வருது. வின்ல அஞ்சாவது எழுத்து 'எக்ஸ்' இருந்தா அது. 1973-ல டிரான்ஸ் ஆம்ல 252, ஃபயர்பேர்டோட இன்னொரு வகையான ஃபார்முலாவுல 43, அவ்ளோதான்.

1977-ல இருந்து 79 வரைக்கும் வந்த கறுப்பு, தங்கக் கலர் டிரான்ஸ் ஆம் தேடுறீங்கன்னா பானெட்ல நீட்டிக்கிட்டு இருக்கிற ஷேக்கர் ஸ்கூப்பைப் பாருங்க. 'டி/ஏ 6.6'-ன்னு எழுதியிருந்தா டபிள்யூ 72 ஆப்ஷன், பாண்டியாக்கோட சொந்த 400, 1977-ல 200 எச்.பி, 78-ல 220. '6.6 லிட்டர்'-ன்னு இருந்தா அது 180 எச்.பி பாண்டியாக் 400-ஆவோ, ஜெனரல் மோட்டார்ஸோட இன்னொரு டிவிஷனான ஓல்ட்ஸ்மொபீல் செஞ்ச 403-ஆவோ இருக்கலாம். ஸ்டிக்கரை யாரு வேணா மாத்தலாம், அதனால வின் எழுத்தைப் பாருங்க, 'இசட்' பாண்டியாக், 'கே' ஓல்ட்ஸ்மொபீல். எஞ்சினைப் பாத்தே சொல்லலாம், எண்ணெய் ஊத்துற குழாய் முன்னாடி செங்குத்தா நின்னா ஓல்ட்ஸ்மொபீல், வால்வ் கவர் மேல மூடி இருந்தா பாண்டியாக். 1979-ல 400 வேணும்னா ஃபோர் ஸ்பீடு மேனுவல்தான், ஆட்டோமேட்டிக் கார்ல 400 இருக்குன்னு யாராவது சொன்னா அது அப்புறமா மாத்தினது. டி-டாப் (கழட்டி எடுக்கிற மாதிரி கூரைக் கண்ணாடி) இருந்தா மழைத்தண்ணி உள்ள இறங்கியிருக்கும், கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைப் பாக்காம வாங்காதீங்க.

வேற டிவிஷன் எஞ்சின் உள்ள வர ஆரம்பிச்சதுதான் பாண்டியாக்கோட இறக்கம்னு நான் உறுதியா நம்புறேன். அதே 1977-ல ஓல்ட்ஸ்மொபீல் வாங்குனவங்க உள்ள செவ்ரலே எஞ்சின் இருக்குன்னு கோர்ட்டுக்கே போனாங்க, ஜனங்களுக்கு அது எவ்ளோ முக்கியம்னு பாருங்க. 1981-ஓட பாண்டியாக் தன்னோட சொந்த வி8 செய்யறதை நிறுத்திடுச்சு, 1984-ல ஜெனரல் மோட்டார்ஸ் செவ்ரலே, பாண்டியாக் எஞ்சினியரிங்கை ஒரே குரூப்பா சேத்துடுச்சு. மூடுவிழா அறிவிச்சது 2009 ஏப்ரல் 27-ல, ஆனா பாண்டியாக்கை மத்த கார்ல இருந்து வித்தியாசமா ஆக்குன விஷயம் அதுக்கு இருபத்தஞ்சு வருஷம் முன்னாடியே போயிடுச்சு.

80, 90-கள்ல ரெண்டே கார் சொல்றேன். ரெண்டு சீட் உள்ள சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஃபியரோன்னா 1988 மட்டும் தேடுங்க, சஸ்பென்ஷனைப் புதுசா செஞ்சு கார் நல்லா ஆன வருஷமே அதை நிறுத்திட்டாங்க. 1984 நாலு சிலிண்டர் ஃபியரோவுல தீப்பிடிச்சு ரீகால் வந்துச்சு, அதை வாங்குனா அந்த ரீகால் வேலை முடிஞ்சிருக்கான்னு கேளுங்க. இன்னொண்ணு 1989 டர்போ டிரான்ஸ் ஆம், ப்யூக் வி6, 1,555 மட்டும் செஞ்சாங்க.

தினமும் ஓட்ட ஒரு கார் வேணும், பழசு பராமரிக்க முடியாதுன்னா ஆஸ்திரேலியாவுல ஜெனரல் மோட்டார்ஸோட ஹோல்டன் கம்பெனி செஞ்சு அனுப்பின ரெண்டு கார் இருக்கு, வின் 6-ல ஆரம்பிக்கும். 2004-ல இருந்து 2006 வரைக்கும் வந்த ஜிடிஓ, 2004-ல 350 எச்.பி, அடுத்த ரெண்டு வருஷம் 400. 2004-ல சைலன்சர் குழாய் ரெண்டும் ஒரே பக்கம் இருக்கும், 2005-ல இருந்து பக்கத்துக்கு ஒண்ணு, வருஷத்தைத் தூரத்துல இருந்தே கண்டுபிடிக்க இது போதும். முன் டயரோட உள்பக்கம் கையை விட்டுத் தடவுங்க, ஸ்ட்ரட்ல உரசித் தேஞ்சிருக்கும். அடுத்தது நாலு கதவு ஜி8, 2008, 2009 ரெண்டு வருஷம்தான், அதுல ஜிடி வகை நல்லா கிடைக்குது, டாப் வகையான ஜிஎக்ஸ்பி 415 எச்.பி, மொத்தமே 1,829. எனக்குக் கேட்டா ஜி8 ஜிடிதான், காசுக்கு அவ்ளோ நல்ல கார் அது. எஞ்சின் பார்ட்ஸ் எங்க வேணா கிடைக்கும், ஜெனரல் மோட்டார்ஸோட எல்எஸ் வி8 எஞ்சின் குடும்பம், பிரச்சனையே இல்ல. பாடி பார்ட்ஸ்தான் பிரச்சனை, ஹோல்டன் ஆஸ்திரேலியாவுல கார் செய்யறதையே 2017 அக்டோபர்ல நிறுத்திடுச்சு, அதனால முன் பம்பர், ஹெட்லைட் உடைஞ்ச ஜி8-ஐ விலை கம்மின்னு வாங்காதீங்க, முதல்ல அந்த பார்ட்ஸ் யார்கிட்ட, என்ன விலைக்குக் கிடைக்குதுன்னு போன் பண்ணி விசாரிச்சுட்டு அதைக் கழிச்சு விலை பேசுங்க.