ஸ்டிம்சனின் டைரியை எங்கே தொடங்கிப் படிப்பது

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் போர்த்துறைச் செயலராக இருந்த ஹென்றி ஸ்டிம்சனைப் பற்றி எழுத வருபவர்கள் பெரும்பாலும் நேராக 1945 ஆகஸ்டுக்குப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். இரண்டு நாள் ஹிரோஷிமா தேதிகளையே புரட்டியும் மனிதர் பிடிபடவில்லை. அதற்கு முன்னால் ஐம்பது வருடம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பக்கங்கள் பேசத் தொடங்கின.

அதனால் முதலில் ஒரு தாளில் அவருடைய பதவிகளை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். 1891-ல் நியூயார்க்கில் எலிஹு ரூட் என்ற வழக்கறிஞரின் சட்ட அலுவலகம். 1906-ல் தியோடர் ரூஸ்வெல்ட் நியமித்த மத்திய அரசு வழக்கறிஞர் பதவி. டாஃப்டின் ஆட்சியில் போர்த்துறைச் செயலர், 1911 முதல் 1913 வரை. பிலிப்பைன்ஸ் கவர்னர் ஜெனரல். ஹூவரின் வெளியுறவுச் செயலர், 1929 முதல் 1933 வரை. குடியரசுக் கட்சிக்காரரான அவரை 1940-ல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மறுபடியும் போர்த்துறைக்கு அழைத்தபோது வயது 72.

இந்தத் தாள் கையில் இருந்தால்தான் எந்தக் காகிதத்தை எங்கே தேடுவது என்று தெரியும். அவருடைய சொந்தக் கடிதங்களும் டைரியும் நியூ ஹேவனில், யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்லிங் நூலகத்தில் இருக்கின்றன. பதவியில் இருந்தபோது உருவான அரசுக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. போர்த்துறைச் செயலர் அலுவலகத்துக்கு 107-ம் பிரிவு, வெளியுறவுத் துறைக்கு 59-ம் பிரிவு. ரூட்டின் காகிதங்களும், ஸ்டிம்சனிடம் உதவி வழக்கறிஞராக இருந்த ஃபெலிக்ஸ் பிராங்ஃபர்ட்டரின் காகிதங்களும் வாஷிங்டனில் நாடாளுமன்ற நூலகத்தில் கிடைக்கும். ஒரு கடிதத்துக்கு யேலில் பதில் இல்லையென்றால் அங்கே தேடிப் பாருங்கள்.

நியூ ஹேவன் போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். யேல் இந்தக் காகிதங்களையும் டைரியையும் மைக்ரோஃபிலிமாக எடுத்திருக்கிறது. பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் சுருள்கள் உண்டு. நேரில் போகிறவர்கள் பட்டியலை முன்கூட்டியே படித்து, பெட்டிகளைச் சில நாள் முன்பே கேட்டு வையுங்கள். உள்ளே பேனா கூடாது, பென்சில்தான். படம் எடுக்கும்போது பெட்டி எண், கோப்பு எண் எழுதிய துண்டுச் சீட்டைப் பக்கத்தின் ஓரத்தில் வைத்து எடுங்கள். அதைச் செய்யாமல் எடுத்த ஒரு நாள் படங்களை நான் இன்றுவரை எதற்கும் மேற்கோள் காட்ட முடியவில்லை.

சரி, டைரிக்கு வருவோம். அது அவர் வாயால் சொல்லித் தட்டச்சு செய்யப்பட்டது. அன்று மாலை சொன்னாரா, மறுநாள் காலை சொன்னாரா என்று ஒவ்வொரு பதிவிலும் கவனியுங்கள். இன்னொருவர் தட்டச்சு செய்யப்போகிறார் என்று தெரிந்தே பேசுகிறார். அணுகுண்டு அங்கே 'எஸ்-1' என்றுதான் வரும். அந்தக் குறியைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால் முக்கியமான பக்கங்கள் கை நழுவிப் போகும்.

போர்க்காலத்துக்கு முன், மத்திய அரசு வழக்கறிஞராக அவர் நடத்திய சர்க்கரை நிறுவன வழக்கைப் படித்துவிடுங்கள். துறைமுகத் தராசுகளில் தில்லுமுல்லு செய்து எடையைக் குறைத்துக் காட்டி, சுங்க வரியை ஏய்த்த வழக்கு அது. சாட்சியத்தைத் துண்டு துண்டாகச் சேர்க்கும் பழக்கத்தை அவர் கடைசிவரை விடவில்லை. டைரியே ஒரு வகையில் அப்படிச் சேர்த்த சாட்சியம்தான் என்பது என் எண்ணம்.

அப்புறம் ஒரே விஷயத்தை மூன்று இடங்களில் பாருங்கள்: டைரி, அரசுக் கோப்பு, பிற்காலத்தில் அவரே எழுதியது. ஜப்பானின் கியோட்டோ நகரத்தை எடுத்துக்கொள்வோம். தேனிலவுக்குப் போன ஊர் என்பதால் அதைக் குண்டிலிருந்து காப்பாற்றினார் என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. அவருக்குத் திருமணம் 1893-ல். கியோட்டோவில் தங்கியது 1926 பயணத்தில். 1945 ஜூலை 24-ம் தேதிப் பதிவில் அவர் அதிபர் ட்ரூமனிடம் சொல்லும் காரணம் வேறு: அந்த நகரத்தை அழித்தால் ஏற்படும் கசப்பில் ஜப்பானியர்கள் ரஷ்யர்கள் பக்கம் சாய்ந்துவிடலாம். ஒரு தேதியைச் சரிபார்த்தால் போதும், கதை உதிர்ந்துவிடும்.

1942 பிப்ரவரியை விட்டுவிடாதீர்கள். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அவர்கள் வீடுகளிலிருந்து அப்புறப்படுத்துவது அரசியலமைப்பில் பெரிய ஓட்டை போடும் என்று தன் டைரியில் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் சில நாட்களில் அதற்கு இணங்குகிறார். சட்டம் படித்த ஒருவர் தெரிந்தே அதைச் செய்ததைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துப்போனது. அந்தப் பக்கங்களைச் சுருக்காதீர்கள், முழுவதுமாக எடுத்தெழுதுங்கள்.

குண்டு போட்ட முடிவை விளக்கி 1947 பிப்ரவரியில் அவர் பெயரில் வந்த கட்டுரையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அது பலர் உதவியோடு தயாரானது, வழக்கின் இறுதி வாதம் போல ஒழுங்கானது. 1945 மே மாத டைரியில் எஸ்-1 பற்றிய யோசனையோடு ரஷ்யா பின்னிக் கிடக்கிறது. கட்டுரையில் அந்தப் பின்னல் ஏறக்குறைய இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விடுபட்டதைக் குறியுங்கள்.

அதோடு 1945 செப்டம்பர் 11 அன்று ட்ரூமனுக்கு அவர் கொடுத்த குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள். அணுசக்தி பற்றி ரஷ்யர்களிடம் நேரடியாகப் பேசுங்கள் என்று அதில் கேட்கிறார். பத்து நாள் கழித்து, தன் 78-வது பிறந்தநாளில், அமைச்சரவைக் கூட்டத்தில் அதையே வாதாடிவிட்டுப் பதவியை விட்டு இறங்கினார்.