கடை, ஜாப் ஒர்க், டியூஷன்: எம்பிஏ விண்ணப்பத்தில் போட்ட அனுபவத்தை நிரூபிப்பது எப்படி?

ஐடி கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு எம்பிஏவுக்குப் போகிறவருக்கு இந்தப் பதிவு தேவைப்படாது. அவரிடம் ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக் எல்லாம் இருக்கும், சந்தேகம் வந்தால் ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போதும். வேலூர் மண்டித் தெருவில் அப்பாவின் மொத்த வியாபாரக் கடையை நடத்துகிறவர், ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்கு, ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் யூனிட்டை மாமாவோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறவர், சத்துவாச்சாரியில் வீட்டு மாடியில் டியூஷன் சென்டர் வைத்திருப்பவர், இவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். "இதையெல்லாம் அனுபவம்னு போடலாமா?" என்று தயங்குகிறார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் நீங்கள் எழுதியதை உங்களை முன்பின் தெரியாத ஒருவர், உங்கள் வீட்டு ஆட்களின் பேச்சை மட்டும் நம்பாமல், சரிபார்க்க முடிய வேண்டும். அதற்கான வேலையை விண்ணப்பத்துக்கான கட்டுரை எழுத உட்காரும் முன்பே தொடங்க வேண்டும்.

முதலில், யார் எப்போது சரிபார்க்கிறார்கள்?

வெளிநாட்டு எம்பிஏ கல்லூரிகள் (பிசினஸ் பள்ளிகள்) பலவற்றில் இடம் கிடைத்த பிறகு, வகுப்பு தொடங்கும் முன் சரிபார்ப்பு நடக்கும். பள்ளியே செய்யலாம், அல்லது ரீ வேரா போல இதையே தொழிலாகச் செய்யும் நிறுவனத்திடம் கொடுக்கலாம். பட்டம், வேலை பார்த்த தேதிகள், பதவி, சில சமயம் சம்பளம், பரிந்துரைக் கடிதத்தை அந்த ஆள்தான் எழுதினாரா என்பது, இவற்றைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். பொய் என்று தெரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறுவார்கள். விண்ணப்பத்தின் கடைசியில் நீங்கள் டிக் போட்ட உறுதிமொழியில் அது எழுதியே இருக்கும்.

கேட் நுழைவுத் தேர்வு எழுதி ஐஐஎம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே பொதுவாகப் பட்டம் முடித்த பிறகு செய்த முழுநேர வேலைதான் கணக்கு. காலேஜ் படிக்கும்போதே கடையில் உட்கார்ந்தேன் என்பதை நேர்காணலில் சொல்லலாம், ஃபார்மில் மாதக் கணக்கோடு கூட்டக் கூடாது. இன்டர்ன்ஷிப்பும் அப்படித்தான்.

படி 1: வரிக்கு வரி பட்டியல் போடுங்கள்

ஒரு நோட்டில் இடது பக்கம் நீங்கள் சொல்லப்போகும் ஒவ்வொரு விஷயத்தையும் எழுதுங்கள். எப்போது சேர்ந்தீர்கள், என்ன பொறுப்பு, எத்தனை ஆட்கள், விற்றுமுதல் எவ்வளவு கூடியது. வலது பக்கம் அதற்கு என்ன ஆதாரம், யார் கொடுத்தது. "நானே டைப் செய்தது", "அப்பா கையெழுத்துப் போட்டது" என்று மட்டும் வருகிற வரிகளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அடுத்த படி அந்த வட்டங்களைக் குறைப்பதற்குத்தான்.

படி 2: வெளியாள் கொடுத்த காகிதங்களைத் தேடுங்கள்

கடை இருக்கிறது என்று காட்டுவது சுலபம். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயர், கடைப் பெயர், பதிவான தேதி எல்லாம் யாருக்கும் தெரியும். ஜிஎஸ்டி வரம்புக்குக் கீழே இருக்கும் சின்ன யூனிட் என்றால் உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா பாருங்கள், அது 2020 ஜூலையில்தான் வந்தது என்பதால் அதற்கு முந்தைய காலத்துக்கு அப்போதிருந்த உத்யோக் ஆதார் பதிவு, மாநகராட்சித் தொழில் உரிமம், கடை வாடகை ஒப்பந்தம் என்று தேட வேண்டியிருக்கும்.

கஷ்டம் எங்கே என்றால், இவை எல்லாவற்றிலும் அப்பா பெயர்தான் இருக்கும். நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதை வேறு வழியில்தான் காட்ட வேண்டும். வங்கிக் கணக்கிலோ ஜிஎஸ்டியிலோ கையெழுத்து அதிகாரம் உங்களுக்கு இருந்தால் அந்தக் கடிதம், பங்குதாரராகச் சேர்த்திருந்தால் பத்திரம், உங்கள் கணக்குக்கு மாதாமாதம் பணம் வந்திருந்தால் ஸ்டேட்மென்ட், உங்கள் பெயரில் போட்ட வருமான வரி ரிட்டர்ன், இவை எல்லாமே உதவும். எனக்குப் பிடித்த ஆதாரம் பழைய மெயில். ஷூ கம்பெனியின் பர்ச்சேஸ் ஆர்டர் உங்கள் மெயிலுக்கு வந்து, நீங்கள் டெலிவரி தேதியைத் தள்ளிக் கேட்டு, அவர்கள் திட்டிப் பதில் போட்டிருந்தால் அதைவிட நம்பகமான சான்று கிடைப்பது அரிது, அதை அழித்துவிடாதீர்கள்.

அடுத்து ஆடிட்டர் கடிதம். நம் ஊரில் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிற எல்லாரையும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். இங்கே உங்களுக்கு வேண்டியவர் பட்டயக் கணக்காளர் (சிஏ). அவர் கொடுக்கும் சான்றிதழில் யூடிஐஎன் என்று 18 இலக்க எண் இருக்கும், 2019 பிப்ரவரியிலிருந்து சான்றிதழ்களுக்கு அது கட்டாயம். சரிபார்ப்பவர் அந்த எண்ணைப் பட்டயக் கணக்காளர்கள் அமைப்பான ஐசிஏஐயின் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். கடையின் ஆண்டு விற்றுமுதல், கணக்குப் புத்தகத்தில் உங்களுக்குக் கொடுத்ததாக உள்ள சம்பளம் இவற்றை அவர் சான்றளிக்கலாம். புத்தகத்தில் இல்லாததை அவராலும் எழுத முடியாது.

இதோடு ஒட்டிய சங்கடம் ஒன்று உண்டு. கடையின் உண்மையான வியாபாரம் ரிட்டர்னில் காட்டியதைவிட அதிகம் என்று பல வீடுகளில் சொல்வார்கள். விண்ணப்பத்தில் ரிட்டர்னில் உள்ள எண்ணைத்தான் எழுத வேண்டும், ரெண்டாம் நம்பர் கணக்கில் கடையை ரெட்டிப்பாக்கினேன் என்று எந்தக் கட்டுரையிலும் எழுத முடியாது.

சம்பளமே வாங்கவில்லையா? சம்பளம் பூஜ்யம் என்றே போட்டு, குடும்பத் தொழில் என்று ஒரு வரி விளக்கம் கொடுங்கள். இப்போது உட்கார்ந்து 2021 தேதி போட்டு அப்பாயின்ட்மென்ட் லெட்டர் அடிக்க வேண்டாம். லெட்டர்பேடில் உள்ள போன் நம்பர், ஜிஎஸ்டி பதிவுத் தேதி, ஃபைல் உருவான தேதி என்று ஏதோ ஒன்று காட்டிக் கொடுத்துவிடும், அதன்பின் உண்மையாகச் செய்த வேலையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

டியூஷன்காரர்களுக்கு வேலை குறைவு. ஜிபேயில் வந்த ஃபீஸ் தெரியும் வங்கி ஸ்டேட்மென்ட், பேட்ச் வாரியாக வருகைப் பதிவு, பேசச் சம்மதிக்கும் இரண்டு பெற்றோர். போதும்.

ஏரி தூர் வாரினோம், ரத்ததான முகாம் நடத்தினோம் என்கிறவர்கள், சங்கம் பதிவாகியிருந்தால் மட்டும் பதிவு எண்ணோடு "செயலாளர்" என்று எழுதுங்கள். இல்லையென்றால் நண்பர்கள் குழு என்று எழுதினாலே மரியாதையாகத்தான் இருக்கும்.

படி 3: பெயரும் மாவட்டமும்

டிகிரி சான்றிதழில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகச் சர்நேம், வங்கியில் வேறு ஏதோ. நமக்கு இது சாதாரணம், வெளிநாட்டில் சரிபார்ப்பவருக்கு மூன்று ஆட்கள். நோட்டரியிடம் மூவரும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு குழப்பம்: 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், ஆற்காடு, வாலாஜா, மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் போயின. 2018 கடிதத்தில் வேலூர் மாவட்டம், இன்றைய சான்றிதழில் திருப்பத்தூர் மாவட்டம், கட்டடம் மட்டும் அதேதான். விண்ணப்பத்தில் கூடுதல் தகவல் எழுதும் பெட்டியில் ஒரு வரி போட்டுவிட்டால் கேள்வியே வராது.

படி 4: பரிந்துரைப்பவர்

அப்பா, மாமா, சித்தப்பா வேண்டாம். கொள்முதல் செய்யும் கம்பெனியின் மேலாளர், சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரி, கடன் கொடுத்த வங்கி அதிகாரி, இவர்களில் உங்கள் வேலையை நேரில் பார்த்தவரைக் கேளுங்கள். அவரிடம் கம்பெனி மெயில் இருந்தால் நல்லது, ஜிமெயில்தான் என்றால் விசிட்டிங் கார்டும் ஜிஎஸ்டி எண்ணோடு லெட்டர்பேடும் வாங்கி வையுங்கள். "நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்" என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள், பின்னால் போன் வரும்போது கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் அவர் தமிழில் சொன்னதை வேறொருவர் மொழிபெயர்க்கலாமா என்று பள்ளிக்கு மெயில் போட்டுக் கேளுங்கள்.

படி 5: அழைப்பு வரும் நாளுக்குத் தயாராவது

சரி, இடம் கிடைத்துவிட்டது, சரிபார்ப்புக்குச் சம்மதம் கேட்டு மெயிலும் வந்துவிட்டது. சில இடங்களில் இதற்குக் கட்டணம் உங்கள் தலையில்தான் விழும். அனுப்பிய விண்ணப்பத்தின் நகலைத் திறந்து, அதில் உள்ள அதே மாதம், அதே பதவியை இந்தப் படிவத்திலும் எழுதுங்கள். கடையில் போன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், தெரியாத நம்பர் என்று கட் செய்துவிடுவார், அல்லது கடன் விசாரணை என்று நினைத்து "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்று சொல்லிவிடுவார். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் பாடம் நடத்தாதீர்கள். விண்ணப்பத்தில் ஏதாவது தேதி தவறு என்று இப்போது கண்ணில் பட்டால், அவர்கள் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்காமல் சேர்க்கை அலுவலகத்துக்கு அன்றே திருத்தத்தை எழுதி, சரியான காகிதத்தையும் இணைத்து அனுப்பிவிடுங்கள்.